இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பதினோரு நொடி

அவளுக்கு ஆஸ்பத்திரியில் 'மேடம்' என்று பெயர், சோபாக் கடையில் 'பீப்'. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே இருந்தபடி மெல்லிய பீப் சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் பலருக்கு முடிவதில்லை. கேட்காத சத்தத்துக்கும் கௌரவத்துக்காக விரலைத் தூக்கிவிடுவார்கள். முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

பட்டப்பெயரை வைத்தது அவளுடைய அண்ணன். அவளைச் சோபாக் கடைக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டே வருஷத்தில் அது முடிந்து, அவள் அண்ணன் வீட்டு மாடியில் குடிவந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை எது திங்கட்கிழமை எது என்று தெரியாமல் படுத்துக் கிடந்தவளை, "வா, சண்டை பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனான்.

சண்டை என்றால் இதுதான். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்திலேயே கலைந்துபோன ஒரு ராக் குழு. நாலு பேர், ஆறு ஆல்பம், அது போக ஒரு மேடைக் கச்சேரிப் பதிவு. இதில் எது உசத்தி? சனிக்கிழமை மதியம் சோபாக்காரர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். பழுதுக்கு வந்த சோபாக்களில், ஸ்பிரிங் குத்தாத இடமாகப் பார்த்து ஆளுக்கொன்றில் உட்கார்ந்துகொள்வார்கள். சுவரோரம் கூரை வரைக்கும் ஸ்பாஞ்ச் அடுக்கியிருந்ததால் அங்கே பாட்டு கேட்பது தனி சுகம். சத்தம் எங்கேயும் முட்டித் திரும்பாது.

அண்ணன் இரண்டாவது ஆல்பத்தின் ஆள். அதனால் அவன் பெயரே 'ரெண்டு'. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர் ஐந்தாவது ஆல்பத்துக்காக உயிரை விடுவார். அவர் 'அஞ்சு'. சோபாக்காரர் மேடைப் பதிவுதான் சிறந்தது என்பார். அது ஆல்பமே இல்லை, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று மற்றவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள். அவள் நாலாவது ஆல்பத்தின் கட்சி. அவளோடு யாரும் மல்லுக்கு நிற்காததால் அந்தக் கட்சி வருஷக்கணக்காக நிம்மதியாக இருந்தது.

அண்ணனுடைய வாதம் ஒரே ஒரு இடத்தில் நின்றது. இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிகிற இடம். கிட்டார் நின்றுவிடும், குரல் நின்றுவிடும், டிரம்ஸ்காரர் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டில் ஒரே ஒரு அடி அடிப்பார். அந்த அடியின் அதிர்வு மெல்ல மெல்லத் தேய்ந்து, பதினோரு நொடி கழித்துத்தான் அடங்கும். "மத்தவங்க பாட்டை முடிப்பாங்க. இவங்க சத்தத்தை அதுவா முடியட்டும்னு விட்டுட்டாங்க. அந்த தைரியம் வேற எதுல இருக்கு?" என்பான். தட்டு அடிக்கும்போது வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்குவான், சத்தம் அடங்கியதும் இறக்குவான். பதினொன்று இல்லை, ஒன்பதுதான் என்பார் மாஸ்டர். இரண்டு நொடிக்காக அவர்கள் அடித்துக்கொண்டதைக் கேட்டால் ஏதோ பூர்வீகச் சொத்துத் தகராறு என்றுதான் தோன்றும்.

அண்ணன் ஜெனரேட்டர் மெக்கானிக். பெரிய கட்டிடங்களின் அடித்தளத்தில், இடி மாதிரி ஓடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தான். காதில் அடைப்பான் போட்டுக்கொள் என்று அவள் சொன்னதை அவன் சட்டை செய்யவே இல்லை. மெஷினுக்கு என்ன கோளாறு என்பதை அது போடுகிற சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும், காதை அடைத்துக்கொண்டால் எப்படி என்பான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மதியம், அவள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். சும்மா ஒரு தடவை பார்த்துவிடேன் என்றான். வேறு யாருக்கும் செய்கிற மாதிரிதான் அவனுக்கும் செய்தாள். கனத்த, தாழ்ந்த சத்தங்களுக்கெல்லாம் உடனே விரல் எழும்பியது. கீச்சென்ற, கூர்மையான சத்தங்கள் தொடங்கியதும் விரல் எழும்பவில்லை. அளவைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பொறுமையாக, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தான். கௌரவத்துக்காக விரலைத் தூக்கும் ஆள் இல்லை அவன். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் தாளைக் காட்டினாள். இடது பக்கம் சமமாக வந்த கோடு பாதிக்கு மேல் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"சிம்பல் சத்தம் இதுல எங்க வரும்?" என்று கேட்டான்.

அவள் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். குனிந்து அந்த இடத்தைப் பார்த்தான்.

"கடையில சொல்லாத" என்றான்.

சரி என்றாள். விஷயம் காதும் காதும் வைத்தாற்போல அந்த அறையோடு முடிந்தது. காது கேட்கும் கருவி ஒன்று வாங்கி ஒரு வாரம் மாட்டிப் பார்த்தான். பாட்டெல்லாம் தகர டப்பாவுக்குள் கேட்பதுபோல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான். அதன் பிறகும் சனிக்கிழமைகளில் தட்டு அடிக்கும் இடத்தில் சரியாக விரலைத் தூக்கினான், சரியாக இறக்கினான். அவனுடைய இடது கால் கட்டைவிரல் செருப்புக்குள் எண்ணிக்கொண்டிருப்பதை அவள் மட்டும் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வந்ததும் விரல் இறங்கும்.

மாஸ்டருக்கு இது எப்படித் தெரியும்? போன வருஷக் கடைசியில் அவர் புதிதாக ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டு வந்தார். ஊசி விழுந்தாலும் கேட்குமாம். இருபத்தைந்து வருஷச் சண்டையை இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று, அந்தக் கடைசி இடத்தைப் போட்டு, தன் கையாலேயே அண்ணனுக்கு மாட்டிவிட்டார். அண்ணன் அரை நிமிஷம் கேட்டான். கழற்றி அவர் மடியில் வைத்தான். "நல்லா இல்ல" என்றான்.

"எத்தனைன்னு சொல்லு."

"பதினொண்ணுதான்."

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாஸ்டர் ஹெட்போனைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனவர், அதற்கப்புறம் ஐந்து மாசம் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அண்ணனும் கூப்பிடவில்லை. கூப்பிடு என்று இவளும் சொல்லவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று எல்லாரும் இருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணன் போய்ச் சேர்ந்தான். ஒரு வங்கிக் கட்டிடத்தின் அடித்தளத்தில், வேலையை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து காவலாளி ஒரு மணி நேரம் எழுப்பாமல் விட்டிருக்கிறார். மாரடைப்பு. ஐம்பத்து நாலு வயசு.

அவள் அழவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று அர்த்தமில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதில்லை மாதிரி இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பட்டியல் எழுதினாள். மாஸ்டர் வந்து வாசலுக்கு வெளியே, உள்ளே வராமல், சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். நாலாவது நாள் வேலைக்குத் திரும்பினாள். சத்தங்களை அனுப்பினாள், விரல்களைப் பார்த்தாள், கோடு போட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் உச்சுக்கொட்டினார்கள். கல்லு மாதிரி இருக்கா என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள். அதிலும் ஒன்றும் உறுத்தவில்லை.

அண்ணி கீழே, அவள் மேலே. இரண்டு வேளையும் கீழேதான் சாப்பாடு. அண்ணி பேசுவாள், இவள் தலையாட்டுவாள். பேசாவிட்டால் அதுவும் சரி.

ஆறு வாரம் கழித்து சோபாக்காரர் போன் செய்தார். உள்ளூர் எஃப்எம் ஒன்றில் அந்த ராக் குழுவைப் பற்றி நிகழ்ச்சி நடத்துகிறார்களாம். ரசிகர் கூட்டங்கள் ஒவ்வொன்றும் தங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு ஆல்பத்தின் பெயரை அனுப்ப வேண்டுமாம். "ரெண்டு இல்லாம எப்படி முடிவு பண்றதுன்னு தெரியல. நீ வந்து அவன் பக்கம் பேசு, பீப். அஞ்சையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். அவள் போனாள். போகாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டுமே.

கடையில் எல்லாம் அப்படியே இருந்தது. அண்ணன் உட்காரும் பச்சை சோபாவை மட்டும் அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மாஸ்டர் அறுபத்தொரு வயசுக்கு இன்னும் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரேக் மிதி இருக்கிறது என்கிற மாதிரியே எப்போதும் ஒரு காலை முன்னால் வைத்திருப்பார்.

அவள் அண்ணனுக்காகப் பேசினாள். புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. அவன் வார்த்தைகள் வரிசை மாறாமல் மனப்பாடமாக இருந்தன. இரண்டாவதில் பாட்டுக்காரர் இன்னும் தன் குரலை ரசிக்க ஆரம்பிக்கவில்லை என்பது ஒன்று. ஐந்தாவதில் நாலு பேரும் நாலு தனித்தனி அறையில் வாசித்த மாதிரி இருக்கிறது என்பது இன்னொன்று. அவன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். சோபாக்காரர் கையில் இருந்த ஸ்டேப்ளர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்து, இந்த மனுஷனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசிப் பாட்டுக்கு அவள் வந்ததும் மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போனவனைப் பத்திக் குறை சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன், தங்கச்சி. அவன் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்ல. நான் ஆசையா வாங்கிட்டு வந்து மாட்டிவிட்டேன். அரை நிமிஷம். கேட்கவே தயாரா இல்லாதவன்கிட்ட என்ன வாதம் பண்றது? நான் சொல்றதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்ல."

"அவனுக்குக் கேட்காது, மாஸ்டர்" என்றாள் அவள்.

நோயாளியோடு வந்தவர்களிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள். அதைவிட்டால் வேறு குரல் அப்போது அவளிடம் இல்லை. எந்தெந்தச் சத்தம் போயிருந்தது, எவ்வளவு போயிருந்தது, என்றைக்குச் சோதித்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். கடையில் சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதையும் சொன்னாள்.

"நாலு வருஷமாவா?" என்றார் மாஸ்டர்.

"ஆமா."

"அப்போ அந்த விரல்?"

"எண்ணினான். கால் விரலால."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். வெட்டுத் துணிகளும் பழைய ஆணிகளும் கிடந்தன. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அந்தப் பாட்டைப் போடுங்கள் என்று மட்டும் சோபாக்காரரிடம் சொன்னார்.

மூன்று பேரும் கேட்டார்கள். முடிவு நெருங்கியதும் யாரும் சொல்லாமலே மூன்று பேரும் விரலைத் தூக்கினார்கள். அடி விழுந்தது. மாஸ்டர் கண்ணை மூடியிருந்தார். ஒன்பதில் அவர் விரல் இறங்கியது. சோபாக்காரருடையது பத்தில். அவளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, நூல் மாதிரி, மேலே எங்கேயோ. பதினொன்று கடந்துதான் அது இல்லாமல் போனது. பாட்டு நன்றாக இருந்ததா என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. ஒன்று மட்டும் தெரிந்தது. மாஸ்டர் இத்தனை வருஷமும் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டது ஒன்பதுதான்.

மாஸ்டர் கண்ணைத் திறந்து அவள் விரல் இன்னும் மேலே இருப்பதைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாஸ்டர்" என்றாள். "காலையில கூட்டம் இருக்காது."

அவர் சரி என்றார். பிறகு சோபாக்காரர் பக்கம் திரும்பி, "ரெண்டுன்னே அனுப்பு" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சோபாக்காரர் வாயில் எதுவும் தங்காது, விஷயம் எப்படியும் வீட்டுக்கு வரும், அதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று அவள் கீழே இறங்கிப் போனாள். அண்ணிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையில் ஒரு தலையணை உறை மிச்சம் இருந்தது.

"நான் கூப்பிட்டா திரும்ப மாட்டார்" என்றாள் அண்ணி. "அடுப்படியில இருந்து கூப்பிட்டா எழுந்து வேற பக்கம் போவார். நாலு வருஷமா. என்னைப் பிடிக்காம போயிடுச்சுன்னு நினைச்சேன்."

அண்ணி உறையின் ஓரத்தை நீவினாள்.

"வேற யாராவது இருக்காங்களான்னு கூட நினைச்சேன். அவர் போன் எடுத்துப் பார்த்திருக்கேன். நீ மேலேயேதான் இருந்த."

"உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன், அண்ணி."

"கேட்டியா?"

கேட்கவில்லை. கடையில் சொல்லாதே என்றுதான் அவன் சொன்னான், வீட்டில் சொல்லாதே என்று சொல்லவில்லை. அவளாகத்தான் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டாள். அண்ணி தலையணை உறையை நாலாக மடித்து மேலே வைத்துவிட்டு, "நீ மேல போ" என்றாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டு மாடிப்படியின் நடுவில் மூடி வைக்கப்பட்டிருக்கும். அவள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கழுவி அதே படியில் வைப்பாள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. வலிக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது, இங்கே அமுக்கினால் வலிக்கும் என்று டாக்டர் சொல்லித் தெரிவது போல. சாதத்தின் ருசி தெரியவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே, திங்கட்கிழமை, மாஸ்டர் சொன்னபடி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கண்ணாடி அறைக்குள், காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தார். அவர் கோடு வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, வயசுக்கு அது அதிகமில்லை. வெளியே வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, அன்றைக்கு ஹெட்போனை நான் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாது என்றார். அவள் அடுத்த பரிசோதனைக்கு வரவேண்டிய தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எஃப்எம்மில் முடிவு அறிவித்தார்கள். ஜெயித்தது மேடைக் கச்சேரிப் பதிவு. இருபத்தாறு வருஷமாக யாரும் கணக்கில் சேர்க்காத அந்த ஒன்று. சோபாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அளக்க ஆரம்பித்துவிட்டார். பாட்டையே கேட்டறியாத ஒரு அம்மாவிடம் கூட, சாய்வு நாற்காலிக்குத் துணி தேர்ந்தெடுக்க வந்த இடத்தில், அரை மணி நேரம் விளக்கினாராம். மாஸ்டர் போன் செய்து இதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அண்ணி மாடி ஏறி வந்தாள். முழங்கால் வலிக்காரி, மாடிக்கு வந்து வருஷமாகியிருக்கும். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பேப்பர் இருக்கா? அவரோடது."

இருந்தது. சோதித்த அன்றைக்கே ஒரு நகல் எடுத்துத் தன் அலமாரியில் வைத்திருந்தாள். எடுத்து மேஜைமேல் விரித்தாள். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதை எப்படிப் படிக்கணும் என்று கேட்டாள். இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் கூர்மையான சத்தம், கோடு கீழே போகப் போகக் கேட்காது என்று இவள் சொன்னாள். அண்ணி விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனாள்.

"என் குரல் எங்க?"

அவள் ஒரு பென்சிலை எடுத்து, சரிவு தொடங்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். எதிரில் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் புரிந்திருக்கும், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் ஏதோ இரைச்சல் என்றுதான் கேட்டிருக்கும், வார்த்தையாகக் கேட்டிருக்காது என்றாள்.

அண்ணி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் திட்டினதெல்லாம்?"

"பாதிக்கு மேல கேட்டிருக்காது, அண்ணி."

"அதான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசல" என்றாள் அண்ணி. அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படி இறங்கும்போது திரும்பாமலே, "ராத்திரிக்குக் கீழ வந்து சாப்பிடு. தட்டைத் தூக்கிட்டு என்னால படியேற முடியாது" என்றாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும், ஆட்கள் இறங்கியதும், கதவு மூடியதும் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. இரண்டு நிறுத்தம் தாண்டிப் போன பிறகுதான் இறங்கவில்லை என்பது உறைத்தது. இறங்கித் திரும்பி நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். வாசல் பெஞ்சில் மூன்று பேர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.